கரும்பு வெட்டும் முன்னும் பின்னும்

கண்ணுகளா, தை மாசம் வந்துவிட்டால் நம் கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் ஆப்பக்கூடல் ஆலை, இன்னொரு பக்கம் சத்தியமங்கலத்தை ஒட்டிய ஆலத்துக்கோம்பை ஆலை. ஆலைக்குப் போகாத கரும்பின் சாறு கொப்பரையில் காய்ந்து, நாட்டுச் சர்க்கரையாகிக் கவுந்தப்பாடி விற்பனைக் கூடத்துக்குப் போகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் சர்க்கரை வாங்குகிறார்கள்.

கரும்பை நம்பியிருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நட்ட நாளிலிருந்து வெட்டும் நாள் வரை 10 மாதம், 12 மாதம் ஆகிவிடும். அதுவரை செலவு மட்டும்தான். உரம் வாங்க வேண்டும், களை எடுக்க ஆள் விட வேண்டும், சோகை உரிக்க வேண்டும். நடுவில் பள்ளிக்கூட ஃபீஸ் வரும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டி வரும். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் கையில் காசே இருக்காது. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போயிருக்கும். அப்புறம் ஒரு நாள் கரும்பை வெட்டி, எடை போட்டு, ஆலைப் பணம் வந்து சேரும். கடன் தீரும், தோடு வீட்டுக்குத் திரும்பும்.

ஆக, அதே மனிதர், அதே வீட்டில், அதே நிலத்தை வைத்துக்கொண்டு, சில மாத இடைவெளியில் ஒரு தடவை காசில்லாதவராகவும் ஒரு தடவை காசுள்ளவராகவும் இருக்கிறார். இந்த இரண்டு சமயத்திலும் அவருடைய மூளை ஒரே மாதிரி வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் நான்கு பேர்: ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ. இவர்களில் செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அமெரிக்கா போய், பின்னாளில் புகழ்பெற்ற பொருளாதார அறிஞரானார். ஷஃபிரும் ஜாவோவும் உளவியல் படித்தவர்கள். மனம் எப்படி வேலை செய்கிறது, மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் அறிவியல்தான் உளவியல். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகளை இந்த நால்வரும் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' என்ற உலகப் புகழ்பெற்ற இதழில் வெளிவந்தன. நம் கொங்குப் பக்கத்தில் நடக்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். ஆலைக்குக் கரும்பு போடும் எந்த விவசாயியும் இங்கேயும் அதே மாதிரிதான் காத்திருக்கிறார்.

எனக்கு இந்த ஆய்வின் முடிவைவிட, அதைச் செய்த விதத்தின் மேல்தான் ஆசை. மனத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். 'கவலை வந்தால் புத்தி மழுங்கும்' என்று நம் அப்பிச்சியும் சொல்வார், அம்மாயியும் சொல்வார். அது உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்பது எப்படி? அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது.

முதல் சிக்கல், மனம் கண்ணுக்குத் தெரியாது. கரும்பை எடை மேடையில் ஏற்றிவிடலாம்; புத்தியை ஏற்ற முடியாது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் 'புத்தி' என்ற பெரிய சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, எண்ணிக்கையில் அளக்கக்கூடிய இரண்டு சின்ன வேலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்று, படப் புதிர். கட்டம் கட்டமாகச் சில வடிவங்கள் இருக்கும்; ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். வடிவங்கள் எந்த ஒழுங்கில் மாறிக்கொண்டு போகின்றன என்று கண்டுபிடித்து, காலிக் கட்டத்துக்குப் பொருத்தமானதைக் காட்ட வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்ட புதிர் வகை இது. இதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பார்த்து யோசித்தால் போதும்.

இன்னொன்றை நீங்கள் இப்போதே செய்து பார்க்கலாம். கீழே இருக்கும் ஒவ்வொரு வரியிலும் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று வாய்விட்டு, வேகமாகச் சொல்லுங்கள். எண்ணைப் படிக்கக் கூடாது, எத்தனை இருக்கின்றன என்று மட்டும் சொல்ல வேண்டும்.

5 5 5
2 2 2 2
4
3 3
1 1 1
4 4

முதல் வரிக்கு 'மூன்று' என்பதுதான் சரியான விடை. ஆனால் நாக்கு 'ஐந்து' என்று சொல்லத் துடித்திருக்குமே! அந்தத் துடிப்பை அடக்கிவிட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மூளைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் இதைப் போன்ற ஒரு சோதனையை நிறங்களின் பெயர்களை வைத்துச் செய்து காட்டினார். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறம் என்ன என்று கேட்பது அது. ஆனால் சொல்லைப் படிக்கத் தெரியாதவருக்கு அதில் எந்தத் தடுமாற்றமும் வராது. படிக்கத் தெரியாத விவசாயிகளும் இருந்ததால் இங்கே சொல்லுக்குப் பதில் எண்களை வைத்தார்கள். யாரைச் சோதிக்கிறோமோ அவருக்குப் பொருந்தும் அளவுகோல்தான் அளவுகோல். இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகாததை அளந்துவிட்டு, அதைப் புத்தி என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

காசுத் தட்டுப்பாட்டையும் இப்படித்தான் அளந்தாக வேண்டும். 'உங்களுக்குக் கஷ்டமா?' என்று பொதுவாகக் கேட்டால் ஒருவர் கௌரவத்துக்காக இல்லை என்பார், இன்னொருவர் பழக்கதோஷத்தில் ஆமாம் என்பார். அதனால் பொருள்களை அடகு வைத்திருக்கிறார்களா, கடன் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின்னால் அது 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன்னால் 99 சதவீதம், பின்னால் 13 சதவீதம். வெட்டுக்கு முன் தட்டுப்பாடு, பின் தாராளம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

அடுத்து யாரை யாரோடு ஒப்பிடுவது? சுலபமான வழி ஒன்று உண்டு. ஊரில் பெரிய பண்ணைக்காரரையும் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரையும் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் புதிரைக் கொடுத்து, மதிப்பெண்ணை ஒப்பிடலாம். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் காசு மட்டுமா வித்தியாசம்? ஒருவர் கல்லூரி வரை படித்திருப்பார், இன்னொருவர் ஐந்தாவதோடு நின்றிருப்பார். ஒருவர் சின்ன வயசில் வயிறாரச் சாப்பிட்டிருப்பார், இன்னொருவருக்கு அது கிடைத்திருக்காது. மதிப்பெண் வேறுபட்டால் காரணம் காசா, படிப்பா, சாப்பாடா என்று பிரிக்கவே முடியாது.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதைப் பார்த்தவுடன் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டுவது மனிதருக்கு இயல்பு. ஒரு வகுப்பில் டியூஷன் போகிறவர்களுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூஷன்தான் மதிப்பெண்ணைக் கெடுத்தது என்று சொல்லலாமா? கணக்கு வராததால்தானே பாதிப் பேர் டியூஷனுக்கே போயிருப்பார்கள்! எது முன்னால், எது பின்னால் என்பதே இங்கே தலைகீழாகிவிடுகிறது. உளவியலில் இந்தத் தவறுக்குப் பெரியவர்களும் பல தடவை பலியாகியிருக்கிறார்கள். ஏழைகளைப் பற்றியும், சில சாதியினரைப் பற்றியும், பெண்களைப் பற்றியும் 'இவர்களுக்குப் புத்தி மட்டு' என்று உலகமெங்கும் எழுதிவைத்த கொடுமைக்கு இப்படிப்பட்ட அரைகுறை ஒப்பீடுகள் துணைபோயிருக்கின்றன. அதனால் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

கரும்பு ஆய்வில் அவர்கள் விவசாயியை அவரோடேயே ஒப்பிட்டார்கள். வெட்டுக்கு முன் ஒரு தடவை, வெட்டுக்குப் பின் ஒரு தடவை. படிப்பு, வயது, பிறந்த ஊர் எதுவும் மாறவில்லை. ஒருவர் இயல்பாகவே புதிரில் கெட்டிக்காரர் என்றால் இரண்டு தடவையும் கெட்டிக்காரர்தான்.

கிடைத்த எண்கள் இவை. படப் புதிர் 10-க்கு, வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரி, பின் 5.45 சரி. எண் வரிசைச் சோதனையை முடிக்க முன்னால் சராசரியாக 146 விநாடி பிடித்தது. பின்னால் 131 விநாடிதான். அந்தச் சோதனையில் தவறுகள் 5.93-லிருந்து 5.16-ஆகக் குறைந்தன. 4.35 புதிரை யாரால் போட முடியும் என்று சிரிக்காதீர்கள். எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்தது அது. ஒருவரிடம் மட்டும் பார்த்தால் அன்றைக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம், கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது இப்படிப்பட்ட தற்செயல்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஆட்களின் எண்ணிக்கை முக்கியம் என்பது இதனால்தான்.

முடிவு கிடைத்துவிட்டது, கட்டுரையை முடிக்கலாம் என்று தோன்றுகிறதா? இனிமேல்தான் உண்மையான வேலையே. நல்ல ஆராய்ச்சியாளர் தன் முடிவைத் தானே சந்தேகப்படுவார். வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கும் பிள்ளைகளைப் போல அவர்கள் தங்களையே கேள்வி கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விகளை நம் ஊர்ப் பேச்சிலேயே கேட்டுப் பார்ப்போம்.

"ஏனுங்க சார், ரெண்டாந் தடவை பண்றப்போ பழகிப் போயிருக்குமில்லீங்க? அதனால நல்லா பண்ணியிருப்பாங்க!"

அருமையான கேள்வி. ஒரு தடவை செய்த புதிர் மறுபடி வந்தால் யாருக்கும் கொஞ்சம் சுலபமாகத்தான் இருக்கும். இதற்காக அவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். 100 விவசாயிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வெட்டுக்கு முன் அவர்களைச் சோதிக்காமல் விட்டுவைத்தார்கள். வெட்டுக்குப் பின்புதான் அவர்கள் முதல் முறையாகச் சோதனையைப் பார்த்தார்கள். பழக்கம்தான் காரணம் என்றால் இந்த 100 பேர் பின்தங்கியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை, இரண்டாம் தடவை செய்தவர்களின் அளவுக்கே இவர்களும் செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று இப்படித் தனியே நிறுத்திவைக்கும் குழு இல்லாமல் உளவியலில் பாதிக் கேள்விகளுக்கு விடையே கிடைக்காது.

"வெட்டுக்கு முந்தி ஒரு மாசம், பிந்தி ஒரு மாசம். நடுவுல பொங்கல் வந்திருக்கும், வெயில் மாறியிருக்கும். அதுவா இருக்காதுங்களா?"

இதற்கான விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரும்பை வெட்டியபின் ரொம்ப நாள் போட்டுவைக்க முடியாது. காயக் காயச் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும். வெட்டியதைச் சீக்கிரம் அரைத்தாக வேண்டும். ஆனால் ஓர் ஆலையால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டிக்கொண்டு வந்தால் ஆலை வாசலிலேயே கரும்பு காய்ந்துவிடும். அதனால் ஆலை ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை வைத்து வெட்டு உத்தரவு கொடுக்கிறது. 'கட்டிங் ஆர்டர் வந்துருச்சா?' என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். இப்படி ஒரு வட்டாரத்தின் அறுவடை சில மாதங்களுக்குப் பரவிவிடுகிறது.

இதனால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரே மாதத்தில், ஒரே வெயிலில், பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்களில் ஒருவர் பணம் வாங்கிவிட்டார், இன்னொருவர் இன்னும் காத்திருக்கிறார். இருவருக்கும் பொங்கல் ஒரே நாளில்தான் வருகிறது. பொங்கலோ வெயிலோ காரணமென்றால் இரண்டு பேரிடமும் ஒரே மாற்றம் தெரிய வேண்டும். மாற்றமோ அவரவர் கரும்பு வெட்டியதை ஒட்டித்தான் வந்தது. அதோடு, யாருக்கு முதலில் உத்தரவு வரும் என்பது பெரும்பாலும் ஆலையின் கையில் இருக்கிறது. கெட்டிக்காரராக இருப்பதால் ஒருவர் முன்னதாக வெட்டினார் என்று சொல்லிவிட முடியாது. யாரும் திட்டமிடாமல், ஆலையின் வேலைமுறையே ஒரு சோதனைக்கூடத்தை அமைத்துக் கொடுத்துவிட்டது. இப்படித் தானாக அமையும் வாய்ப்பை இயற்கைச் சோதனை என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் ஆண்டாண்டு காலமாகக் கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் இப்படி ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு தனிக் கண் வேண்டும்!

"வெட்டுக்கு முந்தி காசில்லாம சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. இல்லீனா காட்டு வேலை செஞ்சு அலுத்துப் போயிருப்பாங்க."

அதையும் பார்த்தார்கள். சாப்பாட்டுச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. கரும்பு வெட்டும் கடின வேலையைப் பெரும்பாலும் வெட்டாட்கள்தான் செய்கிறார்கள். இன்னொரு பிரிவு விவசாயிகளிடம் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். வெட்டுக்கு முன் அவை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தன. ஆனால் அந்தப் பதற்றத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்தாலும் புதிரில் இருந்த வேறுபாடு மறையவில்லை.

அப்படியென்றால் என்னதான் நடக்கிறது? அவர்களுடைய விளக்கம் இது: மனிதரின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. கொடிவேரி அணையிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீர் இவ்வளவுதான் என்று இருக்கும்போது, ஒரு மடையை அகலமாகத் திறந்தால் கடைமடைக்குப் போவது குறையுமில்லையா, அதே மாதிரிதான். 'வட்டி கட்ட நாள் நெருங்குதே, ஃபீஸுக்கு என்ன பண்ணுவது' என்ற யோசனை உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால், புதிருக்கும் மற்ற முடிவுகளுக்கும் கிடைக்கும் கவனம் குறைந்துவிடுகிறது. வெட்டுக்கு முன் அந்த விவசாயி மந்தபுத்திக்காரர் ஆகிவிடவில்லை. பணம் வந்ததும் அதே மனிதர் நன்றாகச் செய்தாரே! காசில்லாதவர் தப்புத் தப்பாக முடிவெடுக்கிறார் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் இந்த எண்களைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் ஒரே ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு கொடி ஏற்றிவிடக் கூடாது. 2013 டிசம்பரிலேயே அதே 'சயின்ஸ்' இதழில் யெல்டே விஹெர்ட்ஸ், அன்னமாரி சாண்ட் ஸ்கொல்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கரும்பு ஆய்வோடு அதே கட்டுரையில் வெளிவந்த ஆய்வுக்கூடச் சோதனைகளின் கணக்குகளைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். ஆய்வு செய்தவர்கள் பதில் எழுதினார்கள். இது சண்டையல்ல, கண்ணுகளா. ஒருவர் வீட்டுக்கணக்கை இன்னொருவர் கூட்டிப் பார்ப்பதை அறிவியல் உலகம் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

2016-ல் லியாண்ட்ரோ கார்வாலோ, ஸ்டெஃபான் மையர், ஸ்டெஃபனி வாங் என்ற மூவர் அமெரிக்காவில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தார்கள். வருமானம் குறைந்த குடும்பத்தினரில் சிலரைச் சம்பள நாளுக்கு முன்னாலும், சிலரைச் சம்பள நாளுக்குப் பின்னாலும் சோதித்தார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மூளையின் வேலையில் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை!

அப்போது யார் சொல்வது சரி? இரண்டு தரப்பும் நேர்மையாகத்தான் அளந்திருக்கிறார்கள். ஆனால் சம்பளம் சில வாரங்களுக்கு ஒரு தடவை வரும்; கரும்புப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். நாலு நாள் பொறுத்தால் வந்துவிடும் என்று தெரிந்த தட்டுப்பாடும், மாதக்கணக்கில் நீளும் தட்டுப்பாடும் மனத்தை ஒரே அளவில் அழுத்துமா என்ற புதுக் கேள்வி பிறக்கிறது. எதிர்மாறான ஒரு முடிவு வந்தால் நல்ல ஆராய்ச்சியாளர் வருத்தப்பட மாட்டார், அடுத்த சோதனையைத் திட்டமிடுவார்.

அப்படி ஒன்று ஒடிசாவில் நடந்தது. அங்கே இலைத் தட்டு தைக்கும் 408 தொழிலாளர்களை இரண்டு வாரம் போல வேலைக்கு அமர்த்தினார்கள். நம் ஊரில் மந்தாரை இலை தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி வேலைதான். சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர் செய்த ஆய்வு இது. இங்கே ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கூலியின் பெரும்பகுதியை நடுவிலேயே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு முழுவதையும் கடைசியில் கொடுத்தார்கள். மொத்தக் கூலி எல்லோருக்கும் ஒன்றுதான், வரும் நாள்தான் வேறு. பணம் முன்னதாகக் கிடைத்தவர்கள் அதன்பின் தைத்த தட்டுகளின் எண்ணிக்கை கூடியது. தைப்பதில் கவனப்பிசகுகள் குறைந்தன. காசு நெருக்கடி அதிகமாக இருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் நன்றாகத் தெரிந்தது.

குலுக்கலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்பீர்கள். 'இவருக்குக் கஷ்டம் ஜாஸ்தி, இவருக்கு முதலில் கொடுப்போம்' என்று ஒருவர் மனசுப்படி பிரித்தால், கஷ்டப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். குலுக்கலுக்கு யார் மேலும் பிரியம் கிடையாது. கெட்டிக்காரர், சோம்பல்காரர், தூக்கம் கெட்டவர், பல்வலிக்காரர் என எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடுவார்கள். நமக்குத் தெரியாத காரணங்களைக்கூட அது சமமாகப் பங்கு போட்டுவிடுகிறது. இந்த வலிமை வேறு எந்த முறைக்கும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010-ல் ஜோசஃப் ஹென்ரிக் என்பவரும் அவர் நண்பர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். முக்கியமான உளவியல் இதழ்களில் சோதிக்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்காட்டினார்கள். அதிலும் பெரும்பகுதி அமெரிக்கர்கள்; அவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். அவர்களைச் சோதித்துவிட்டு 'மனித மனம் இப்படித்தான்' என்று உலகத்துக்கே எழுதிவிட்டால் எப்படி? சோதிக்க எடுத்துக்கொண்டவர்கள் யாரைப் போன்றவர்களோ, அவர்களைப் பற்றித்தான் உறுதியாகப் பேச முடியும். அதனால்தான் திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயி அந்தப் பக்கங்களில் இடம்பிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதிலிருந்து கோபிக்கே உரிய ஒரு கேள்வியும் பிறக்கிறது. நம் பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் நிறைய. மல்பெரித் தோட்டம் வைத்திருப்பவர் வருஷத்தில் பல தடவை கூடு எடுத்து விற்கிறார். காசு அடிக்கடி வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கரும்புக்காரருக்கு வருஷத்துக்கு ஒரே தடவை. ஒரே ஊர், ஒரே வாய்க்கால் தண்ணீர், காசு வரும் தாளம் மட்டும் வேறு. உங்களில் யாராவது பெரியவராகி இதை ஆராய்ந்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். ஆனால் ஒன்றை இப்போதே யோசித்து வையுங்கள்: கரும்பு போடுவதா, பட்டு வளர்ப்பதா என்பதை விவசாயியே தேர்ந்தெடுக்கிறார். வெட்டு உத்தரவு மாதிரி அது வெளியிலிருந்து வருவதில்லை. இந்த ஒப்பீட்டில் அது எவ்வளவு தொல்லை கொடுக்கும், அதை எப்படிச் சமாளிப்பது?

பெரியவர் ஆகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் கவனம் சிதறுமா என்று வீட்டில் சண்டை நடக்கிறதல்லவா, அதைச் சோதித்துப் பார்க்கலாம். மேலே உள்ளதைப் போல 20 வரிகள் கொண்ட இரண்டு எண் தாள்கள் தயார் செய்யுங்கள். வகுப்பில் 20 பேரையாவது கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், இழுத்து வர வேண்டாம். எதற்காக என்று சொல்லி, விருப்பம் இருந்தால் மட்டும் வரச் சொல்லுங்கள். பாதியில் போதும் என்றால் விட்டுவிடுங்கள். யாருடைய பெயரையும் எழுதாதீர்கள், ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். குறைவாக எடுத்தவரைக் கேலி செய்ய யாருக்கும் வழி இருக்கக் கூடாது. விழுப்புரத்து விவசாயியாக இருந்தாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும், மனிதரைச் சோதிக்கும்போது இந்த மரியாதை முதலில் வர வேண்டும். டீச்சரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

தொடங்கும் முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை நோட்டில் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். முடிவு வந்தபின் 'நான் அப்பவே நினைச்சேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் முதல் முறை பாட்டோடு, இரண்டாம் முறை பாட்டில்லாமல். பூ விழுந்தால் மாற்றி. இல்லையென்றால் பழக்கம் பற்றி அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி இங்கேயும் வந்து நிற்கும். எந்தத் தாள் முதலில் என்பதையும் இன்னொரு தடவை சுண்டி முடிவு செய்யுங்கள். ஒரு தாள் மற்றதைவிடச் சுலபமாக அமைந்துவிட்டிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே பாட்டு, ஹெட்ஃபோனில். பாட்டில்லாத முறைக்கும் ஹெட்ஃபோன் காதிலேயே இருக்கட்டும். அப்போதுதான் நேரம் பார்க்கிறவருக்கும் தவறு எண்ணுகிறவருக்கும் உள்ளே பாட்டு ஓடுகிறதா என்று தெரியாது. தெரிந்தால் அவர்கள் கை அவர்களையே அறியாமல் கொஞ்சம் சாய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சராசரியையும் எடுங்கள். பாட்டு கெடுத்ததா, கெடுக்கவில்லையா, வேறுபாடே இல்லையா என்று வந்தபடியே எழுதுங்கள். வேறுபாடு இல்லை என்ற முடிவைத்தான் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், நீங்கள் போடாதீர்கள். எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், காலையா மாலையா, எத்தனை பேர் பாதியில் நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதி நம் இதழுக்கு அனுப்பிவையுங்கள். இவ்வளவும் இருந்தால்தான் நம்பியூரிலோ அந்தியூரிலோ இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதையே திரும்பச் செய்து, உங்களுக்கு வந்ததுதான் அவர்களுக்கும் வருகிறதா என்று பார்க்க முடியும்.